வெள்ளி ரூபாயை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பழைய காசு பற்றி வந்த கடிதங்களில் நான்குக்கு இந்த முறை பதில் சொல்கிறேன்.

பாட்டியின் தகரப் பெட்டியில் 23 வெள்ளி ரூபாய்கள் கிடைத்தன. விக்டோரியா, ஜார்ஜ் தலை போட்டவை. எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. நகைக்கடையில் எடைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். பளபளப்பாக்கிக் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்குமா ஐயா?
– வாசகி, காரைக்குடி

தேய்க்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். உருக்க வந்த காசுகளில் 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை எடைக்குப் பணம் கொடுத்து வாங்கி, பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த என் கையில் கொடுத்தார். அந்தக் காசில் ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் சின்னதாக ஒரு யானை உண்டு. துதிக்கை குட்டையாக இருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பன்றி போலத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 1912இல் யானையைத் திருத்தி அச்சிட்டார்கள். 1911 காசில் பெரும்பகுதியைத் திரும்ப உருக்கிவிட்டார்கள். இன்றைக்கும் அதைத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விபூதி போட்டு, துணியால் அழுத்தித் தேய்த்துச் சாமி படத்தின் முன் வைப்பேன். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, காசு சேர்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர், முகம் முழுக்க முடி முடியாகக் கீறல் என்றார். யானையும் மழுங்கிவிட்டிருந்தது. "வெள்ளி விலைதான் தம்பி." அப்பா அப்போது உயிரோடு இல்லை. அந்தக் காசை நான் விற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் காசையும் தேய்த்ததில்லை.

அந்தக் கறுப்பு அழுக்கல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த படலம். ஒரே சீராகப் படிந்திருந்தால் சேகரிப்பவர்கள் அதை விரும்பியே வாங்குவார்கள்.

இப்போது உங்கள் 23 காசையும் மேசையில் பரப்பி ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1835 முதல் 1939 வரையிலான ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கணக்குப் போட்டால் 10.69 கிராம் வரும். அன்றைய கிராம் விலையை இதனால் பெருக்கினால், தேயாத காசு ஒன்றின் வெள்ளி மதிப்பு. கடைக்காரர் அதற்கும் மிகவும் குறைத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. விளிம்பின் நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும், அதை வைத்து அடையாளம் காணலாம். புலி போட்ட 1947 ரூபாய் முழுக்க நிக்கல். காந்தம் வைத்தால் ஒட்டும். வெள்ளி ஒட்டாது.

1862 என்று போட்ட விக்டோரியா காசு இருந்தால் தனியாக எடுத்துவையுங்கள். அந்த ஆண்டை மாற்றாமலே 1874 வரை அச்சிட்டார்கள். காசு அச்சிடும் பம்பாய் அக்கசாலையில் மட்டும் உண்மையான ஆண்டைக் காட்ட ஆண்டெண்ணை ஒட்டிச் சின்னப் புள்ளிகள் வைத்தார்கள். லென்ஸ் வைத்து அந்தப் புள்ளிகளை எண்ணும்போது வரும் சந்தோஷத்துக்காகத்தான் நான் இன்னும் காசு சேர்க்கிறேன். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுகளுக்கு வெள்ளி விலைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டி கழுத்தில் கிடந்ததாக இருக்கலாம்.

மாதம் 2,000 ரூபாய் ஒதுக்க முடியும். பழைய வெள்ளிக் காசு வாங்கினால் நல்ல முதலீடாகுமா?
– வாசகர், திருச்சி

லாபம் மட்டும்தான் குறி என்றால் வேண்டாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே வியாபாரியின் பங்கு இருக்கிறது. வெள்ளியும் சும்மா இருக்காது: 2011இல் உச்சிக்குப் போனது, அடுத்த நான்கைந்து வருடத்தில் கிட்டத்தட்ட பாதியாக இறங்கியது. காசு பிடிக்கும் என்றால் மட்டும் வாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளி, கீழே விழும்போது தாங்கும் ஒரு பாய் மாதிரி.

1918ஆம் ஆண்டு ரூபாயில் தொடங்குங்கள். முதல் உலகப் போரில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்கா அந்த ஆண்டு பிட்மன் சட்டம் கொண்டுவந்து, தன் வெள்ளி டாலர்களில் 25 கோடிக்கும் மேல் உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இங்கே ரூபாயானது. ஏராளமாக அச்சிட்டதால் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். ஏமாறும் வாய்ப்பும் குறைவு. சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அரிய 1939 ரூபாய் மலிவாக வந்தால் தொடாதீர்கள், போலி அதிகம். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைக்க வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு. காசில் கோடு விழும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1818இல் வெளியிட்ட ராமர் பட்டாபிஷேகக் காசு என்னிடம் உள்ளது. பத்து லட்சம் தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்.
– வாசகர், திண்டுக்கல்

கட்டாதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. ரிசர்வ் வங்கி பெயரைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். பழைய காசு வாங்கி விற்கும் எதிலும் தனக்குத் தொடர்பில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே அறிவித்திருக்கிறது. சாமி படம் என்ற மதிப்பில் பூஜை அறையில் இருக்கட்டும்.

சிங்கப்பூரிலிருக்கும் தம்பிக்கு இரண்டு விக்டோரியா ரூபாய் கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

கூடாது அம்மா. 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். வீட்டில் வைத்திருக்கலாம், நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோகக் கூடாது. 1940களின் ரூபாய் அந்தக் கணக்கில் வராது. அதைக் கொடுத்தாலும், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையில் சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் நிற்க வேண்டியிராது. விக்டோரியாவைத் தம்பி ஊருக்கு வரும்போது கையில் எடுத்துப் பார்க்கட்டும்.