பெஞ்ச் மல்டிமீட்டர் 5 வோல்ட்டுக்குப் பதில் 4.76 காட்டுகிறது, காலிபரேஷன் போய்விட்டதா?

சப்ளையை நேராக அளந்தால் 10.00 சரியாக வருகிறது. அதையே இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டுப் பாதியாக்கி நடுவில் அளந்தால் 4.76 என்கிறது, மீட்டரைத் திறந்து திருகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

திறக்காதீர்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. ப்ரோப்பை வைத்த பிறகு அங்கே இருப்பதே 4.76 வோல்ட்தான்.

மீட்டருக்குள் 10 மெகா ஓம் இருக்கிறது. அது கீழ் ரெசிஸ்டருக்கு இணையாகச் சேர்ந்ததும் 1 மெகா ஓம் 0.909 ஆகிவிடும். 10 × 0.909 ÷ 1.909, வருவது 4.76. நம்பிக்கை வராவிட்டால் இரண்டையும் 10 கிலோ ஓமாக மாற்றிப் பாருங்கள், 5-ஐ ஒட்டி வந்துவிடும். (1 சதவீத ரெசிஸ்டர் என்றால் 4.95 முதல் 5.05 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அதற்கும் மீட்டரைத் திட்ட வேண்டாம்.)

பல பெஞ்ச் மீட்டர்களில் 10 வோல்ட், அதற்குக் கீழான டிசி ரேஞ்சுகளில் இன்புட் இம்பீடன்ஸை (மேலே சொன்ன அந்த உள் 10 மெகா ஓமை) 10 கிகா ஓமுக்கு மேல் மாற்ற மெனுவில் வழி இருக்கும். மாற்றினால் உங்கள் 5 வோல்ட் கிடைத்துவிடும். ஆனால் ஒன்று: அந்த மோடில் ப்ரோப் எதையும் தொடாமல் சும்மா கிடந்தாலே எண்கள் தானாக ஏறிக்கொண்டே போகும். முதல்முறை பார்த்தபோது மீட்டர் செத்தது என்றே நினைத்தேன். இரண்டு ப்ரோப்பையும் ஒன்றோடொன்று தொடவைத்தேன், பூஜ்யத்தில் வந்து நின்றது.

திருகாதீர்கள் என்று சொல்ல எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் பழைய பெஞ்ச் மீட்டரும் கை மீட்டரும் ஒத்துப்போகவில்லை. கை மீட்டரை நம்பி, பெஞ்ச் மீட்டரின் ட்ரிம்மரை (உள்ளே அளவைச் சரிசெய்யும் குட்டித் திருகை) அரைச் சுற்று திருப்பினேன். மறுநாள்தான் கை மீட்டரின் திரையோரத்தில் மங்கலாக இருந்த பேட்டரிக் குறி கண்ணில் பட்டது. பேட்டரி இறங்கினால் சில மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். புது பேட்டரி போட்டேன், கை மீட்டர் இறங்கி வந்தது. நான் கெடுத்து வைத்தது அப்படியே நின்றது.

மில்லிவோல்ட் ரேஞ்சில் மட்டும் தகராறு என்றால் அது வேறு கதை. மீட்டரை ஆன் செய்து ஒரு மணி நேரம் விடுங்கள், ப்ரோப்புகளைச் சேர்த்துப் பிடித்து அப்போது காட்டுவதையே பூஜ்யமாக்கும் நல் (Null) பட்டனை அழுத்துங்கள், கறுத்துப்போன பனானா பிளக்கைத் துடையுங்கள். ஏசியில் சதுர அலை 11 சதவீதம் கூடுதலாக வந்தால், அது ட்ரூ ஆர்எம்எஸ் (சைன் அலை அல்லாதவற்றையும் சரியாக அளக்கும் வசதி) இல்லாத மீட்டர்.

இதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஏடி584 போன்ற, துல்லியமான வோல்டேஜ் தரும் ரெஃபரன்ஸ் ஐசி ஒன்றை அளந்து பாருங்கள். ஐசியின் டாலரன்ஸையும் (அதற்கு அனுமதிக்கப்பட்ட பிழையையும்) தாண்டி மீட்டர் விலகினால்தான் காலிபரேஷனுக்கு அனுப்புவது பற்றி யோசிக்கவேண்டும்.