பண்ணையிலேர்ந்து தப்பிச்ச மான் காட்டு ரூசாவோட (கடமானோட) கலந்துட்டா சுடலாமா?

மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. எஸ்டேட்ட ஒட்டி அப்பா காலத்து நெலம், மரவள்ளி, சக்கரவள்ளி, கொஞ்சம் வாழை, பின்னாடி செம்பனை, அதுக்கும் பின்னாடி காடு. கிட்டத்துல இருந்த ஒரு மான் பண்ணைய மூடுனப்ப வேலி சாஞ்சு கொஞ்சம் மானுங்க வெளிய போயிருச்சாம், இப்ப ராத்திரியில ரெண்டு மூணு வந்து மரவள்ளிய மொட்டையடிச்சிட்டுப் போகுதாம். "ஒட்டுக்கடையில எல்லாரும் சொல்றாங்கண்ணே, இது பண்ணை மான், காட்டு ரூசாவோட சேந்து கலப்பாயிருச்சு, கலப்புக்கு சட்டம் கெடையாது, சுட்டா காட்டுக்கும் நல்லதுன்னு. மெல்பர்ன்ல இருக்குற மச்சான் ரூசா வேட்டை வீடியோவா அனுப்புறாரு. சுடலாமா? கலப்பான்னு எப்படி கண்டுபுடிக்கிறது?"

சுடாதீங்க தம்பி. உங்க வயிறு எரியறது எனக்குப் புரியுது, ஒரு வருச மரவள்ளி போறது சின்ன விசயமில்ல, ஆனா கடையில சொல்ற அந்த கணக்கு தப்பு.

முதல்ல எந்த மான் எதுன்னு பாப்போம். நம்ம காட்டு ரூசாவத்தான் தமிழ்ல கடமான், மிளான்னு சொல்றது. அதத் தவிர கிஜாங் (கேளையாடு) இருக்கு, சின்னதா பிளாண்டோக் (சருகுமான்) இருக்கு. நாம கதையில கேட்டு வளந்த புள்ளிமான் இந்த நாட்டுக் காட்டு மானே இல்ல. பண்ணையில இறைச்சிக்கு வளக்குறது பெரும்பாலும் திமோர் ரூசா, பேருதான் திமோர், அதோட சொந்த ஊரு ஜாவாவும் பாலியும், திமோருக்கே மனுசன்தான் கொண்டு போயி விட்டான்.

அசல் கடமான் நல்ல கருப்பு கலந்த பழுப்பு, பெருசு, ஆணு 200 கிலோவுக்கு மேலயும் போகும், வாலு கருத்து புசுபுசுன்னு இருக்கும். திமோர் அதுல பாதியளவுதான் வரும், நெறம் வெளுத்த பழுப்பு, வாலு ஒல்லி. கொம்பு ரெண்டுக்கும் ஒரு பக்கத்துக்கு மூணு கிளை, ஆனா மேல கவை பிரியற எடத்துல திமோருக்கு உள்பக்கத்துக் கிளை நீளமா நேரா மேல போகும், கடமானுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. இது பகல்ல, கிட்டத்துல, வளந்த ஆண் மான நிக்க வச்சுப் பாத்தா. ராத்திரி டார்ச் வெளிச்சத்துல தெரியறது ரெண்டு கண்ணுதான், ஒரு பொட்டையோ வயசு குறைஞ்ச ஆணோ நின்னா பல வருசம் மானோட இருந்த எனக்கே அந்த தூரத்துல சொல்ல வராது.

இப்ப கலப்பு. கடமானும் திமோரும் சேந்தா குட்டி பொறக்கும், அந்தக் குட்டி மலடும் இல்ல, கோவேறு கழுத மாதிரி அதோட நின்னு போற கதையில்ல. முதல் தலமுறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கும், பாத்தா ஓரளவு சந்தேகம் வரும். அது திரும்ப கடமானோட சேந்து, அதோட குட்டியும் கடமானோடயே சேந்துட்டா, வெளித் தோற்றத்துல சுத்தமா கடமான்தான், உள்ளுக்குள்ள மட்டும் திமோரோட பங்கு இருக்கும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல இதே மாதிரி நடந்துச்சு, அங்க வெளியிலேர்ந்து கொண்டு வந்து விட்ட பாடா மான, அதான் பன்றிமான, ரொம்ப காலமா அசல்னு நெனச்சு வேட்டையாடிட்டு இருந்தாங்க, 2019ல மரபணு ஆய்வு வந்தப்பதான் தெரிஞ்சுச்சு அதுல புள்ளிமான் ரத்தம் பரவலா கலந்திருக்குன்னு. அத்தன வேட்டைக்காரங்க கண்ணுக்கும் தெரியல. அதனால "ஜாடை வேற மாதிரி இருக்கு"ன்னு சுட்டா கலப்பு ஒழியாது, அசல் ஜாடையில இருக்குற கலப்பு தப்பிக்கும், கொஞ்சம் வெளுத்த அசல் கடமான் செத்துப் போகும்.

சுட்டே சரி பண்ணிடலாம்னு நெனைக்கிறவங்களுக்கு நியூசிலாந்து கதை ஒன்னு இருக்கு. 1905ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அனுப்புன வாபிட்டிங்குற வட அமெரிக்கப் பெரிய மான ஃபியோர்ட்லாந்துல விட்டாங்க, அங்க ஏற்கனவே கொண்டு வந்து விட்ட செம்மான் பரவி வந்து அதோட கலந்திருச்சு. செம்மான் ஜாடை தெரியறத கழிச்சுக்கிட்டே இருக்காங்க, இன்னும் கலப்பு போகல.

மச்சான் வீடியோ பத்தி கேட்டீங்க. ஆஸ்திரேலியாவுக்குன்னு சொந்த மான் ஒன்னுகூட கெடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்து விட்டது, அங்க கடமான் பெருகி காட்ட அழிக்குது, அதனால லைசன்ஸ் எடுத்து வருசம் முழுக்க வேட்டையாடலாம். அதே கடமான் நம்ம காட்டுல கொறஞ்சு போச்சுன்னு 2009லேர்ந்து ரூசா, கிஜாங் வேட்டைய நிறுத்தி வச்சாங்க. நம்ம புலிக்கு முக்கியமான சாப்பாடு இந்த ரூசாதான், அந்தப் புலி காட்டுல 150கூட இல்லன்னு 2022ல அரசாங்கமே சொல்லிருச்சு. ஒரு ரூசாவ தப்பா சுட்டா யாரோட சோத்துல கைய வைக்கிறோம்னு பாருங்க.

இன்னொன்னும் இருக்கு. ஸ்காட்லாந்துல, வெளியிலேர்ந்து கொண்டு போன சிக்காங்குற கிழக்காசிய மானும் அந்த ஊரு செம்மானும் கலந்ததுக்கு ஒரு காரணம், சிக்கா ஆணுங்க முன்னாடி முன்னாடி பரவிப் போயி, தன் இனத்துப் பொட்டை இல்லாத எடத்துல செம்மான் பொட்டையோட சேந்ததுதான். இங்கயும் அதான் என் பயம், கடமான் கொறஞ்ச காட்டுக்குள்ள தப்பிச்ச திமோர் ஆணு நொழஞ்சா கலக்குறதுக்கு வழி ஏற்படும், அசல் கடமான நாமளே சுட்டுக் கொறச்சா அந்த வழி இன்னும் அகலமாகும்.

சட்டம் சுருக்கமா. காட்டு ரூசாவ சுட்டா 2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 2022ல தண்டனையயும் ஏத்திட்டாங்க. பண்ணை மான்னா அது இன்னொருத்தன் சொத்து. "கலப்புன்னு நெனச்சேன்"னு கோர்ட்டுல சொல்லி தப்பிக்கலாம்னு நம்பாதீங்க. லைசன்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிய யாராவது குடுத்தா தொடவே தொடாதீங்க, அது வேற பெரிய கேஸு. கம்பிக் கண்ணியும் வேணாம், அதுவும் குத்தம், அதுல தெனுக்கு (டேபிர்) மாட்டும், புலி மாட்டும், கால் அழுகிச் சாகும்.

செய்ய வேண்டியது இதுதான். காதுல தோடு மாதிரி டேக் இருக்கான்னு பாத்து ஹேண்ட்போன்ல படம் எடுங்க, வாலும் கொம்பும் தெரியற மாதிரி. வேலியில ஒட்டுன முடிய வேரோட எடுத்து காய்ஞ்ச காகித உறையில வைங்க, தேதியும் எடமும் எழுதுங்க. அத எடுத்துக்கிட்டு பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) ஆபீஸுக்கும் கால்நடை இலாகாவுக்கும் போங்க, பழைய பண்ணை முதலாளி யாருன்னும் சொல்லுங்க. கலப்பான்னு மரபணு சோதனைதான் சொல்லும், அதுலயும் தாய்வழிய மட்டும் பாக்குற சோதனை பத்தாது, அப்பன் திமோரா இருந்தா அதுல தெரியாது, ரெண்டு பக்கமும் பாக்கச் சொல்லிக் கேளுங்க.

பசங்க மோட்டர எடுத்துக்கிட்டு நாயோட மான வெரட்டுறாங்கன்னும் எழுதியிருந்தீங்க, அத இன்னைக்கே நிறுத்துங்க. வெரட்டுன மானுக்கு ஒடம்பு சூடேறி தசை உள்ளுக்குள்ளயே கெட்டுப் போகும், தப்பிச்சு ஓடினாலும் கொஞ்ச நாள்ல செத்து விழும், நான் கையில புடிச்ச மானே அப்படிப் போயிருக்கு, அத மறக்க முடியல.

மரவள்ளிக்கு வேலிதான் வழி, ரெண்டு மீட்டர் உயரம் வேணும், நம்ம இடுப்பு உயரத்துக்குக் கட்டினா சுலபமா தாண்டிரும். நெலம் முழுக்க கட்ட காசில்லன்னா காட்டப் பாத்த மரவள்ளிப் பாத்திய மட்டும் சுத்திக் கட்டுங்க, மீன்வலை வேணாம், கொம்பு சிக்கிக்கும், கம்பி வலையா இருக்கட்டும். இலாகாவுல பதில் வர லேட்டானா எழுதுங்க, படத்தையும் அனுப்புங்க, மனு எழுத நான் கூட ஒக்காந்து உதவுறேன்.