சாக்கைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: நீலகிரியில் எமரால்டுக்கு அப்பால் ஒன்றரை ஏக்கரில் கேரட்டும் பூண்டும் போட்டிருக்கிறேன். இரண்டு நாய்கள் வளர்க்கிறேன். ஒன்று விருதுநகர் பக்கத்து வியாபாரியிடம் குட்டியாக வாங்கிய சிப்பிப்பாறை, பெண், நான்கு வயது. மற்றது இங்கேயே பிறந்த நாட்டு நாய், ஒன்பது வயது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக இரண்டையும் ஓடையோரத் தோட்டத்தில் தகரக் கூரையின் கீழ் சாக்கு விரித்துக் கட்டிவைக்கிறேன். பத்து நாளாக உறைபனி. சிப்பிப்பாறை விடிய விடிய நடுங்குகிறது. நன்றாகத் தின்றும் இளைத்துவிட்டது. கிழட்டு நாய்க்குக் காலையில் எழுந்து நிற்கவே கால் மணி நேரம் ஆகிறது. வியாபாரியைக் கேட்டால், “அந்த இனம் எதையும் தாங்கும், ஸ்வெட்டர் போட்டு டானிக் கொடுங்கள்” என்கிறார். மகள் வீட்டுக்குள் விடச் சொல்கிறாள். அம்மாவோ வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்கிறார். உள்ளே படுத்துப் பழகினால் காவல் கெட்டுவிடாதா? குளிரில் நாய் வெளியே இருக்கலாமா, கூடாதா?

பதில்: சிப்பிப்பாறை இன்று இரவே கூரைக்கும் கதவுக்கும் உள்ளே வரவேண்டும். நாட்டு நாய் குளிரை ஓரளவு தாங்கும். ஆனால் நீங்கள் கட்டிவைத்திருக்கிற இடத்தில் இல்லை. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். நீங்கள் கேட்காமல் விட்டவைதான் எனக்குக் கவலையாக இருக்கின்றன.

சிப்பிப்பாறை, கரிசல் காட்டு வெயிலில் முயல் துரத்திய இனம். குட்டை முடி, மெல்லிய தோல், அதற்கடியில் கொழுப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓடும்போது ஏறுகிற சூட்டை உடனே வெளியே தள்ளுவதற்கு வாய்த்த உடம்பு அது. தெற்கே வரமாக இருந்த அதே குணம் உங்கள் ஊர் ஜனவரியில் வினையாகிறது. ராஜபாளையம், கன்னி நாய்களுக்கும் இதே கதைதான். நன்றாகத் தின்றும் இளைக்கிறதே என்று வியப்பதற்கு எதுவுமில்லை. தின்றதையெல்லாம் இரவு முழுக்க நடுங்கியே எரித்துவிடுகிறது. நாட்டு நாயின் முதுகு முடியை விரலால் பிரித்துப் பாருங்கள், அடியில் பஞ்சுபோல இன்னொரு முடி இருக்கும். சிப்பிப்பாறையிடம் பிரித்தால் நேராகத் தோல்தான் தெரியும்.

இனி ஒரு கேள்வி. உறைபனியில் உங்கள் தோட்டத்தில் முதலில் கருகுவது எந்தப் பாத்தி? ஓடையோரத்துக் கடைசிப் பாத்திதானே? காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அவலாஞ்சியிலும் தலைக்குந்தாவிலும் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கிற காலையில், மேட்டு வீட்டு வாசலில் வெறும் பனித்துளிதான் இருக்கும். பயிரில் இது உங்களுக்கு அத்துபடி. அப்படியிருந்தும் நாயைக் கொண்டுபோய் அந்தக் கடைசிப் பாத்தியின் ஓரத்திலேயே கட்டியிருக்கிறீர்கள்.

அடுத்தது சாக்கு. இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையில் வேலை பார்த்த காலத்தில், இருமுகிற நாயைப் பார்க்க வரச்சொன்னால் நாயைத் தொடுவதற்கு முன் அதன் படுக்கையைத்தான் தொடுவேன். ஒரு வீட்டில் சாக்கு மேலே உலர்ந்துதான் இருந்தது. தூக்கித் திருப்பினால் அடிப்பக்கம் கறுத்து, பூசணம் பூத்து, முறுக்கியபோது தண்ணீர் சொட்டியது. வீட்டுக்காரர் திகைத்துப்போய், “மழையே பெய்யவில்லையே” என்றார். மழை எதற்கு? மண்ணின் ஈரம் கீழிருந்து ஏறுகிறது, நாயின் மூச்சும் உடம்புச் சூடும் மேலிருந்து இறங்குகின்றன, சணல் இரண்டையும் குடித்துவைத்துக்கொள்கிறது. ஈரச் சாக்கில் படுத்த நாய் ராத்திரி முழுக்கத் தன் சூட்டைக் கொண்டு பூமியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் காய்ந்த வெறும் பலகை எவ்வளவோ மேல். பழைய கம்பளியும் அப்படித்தான், ஈரமானால் எளிதில் உலராது. நாளை விடியற்காலையில் உங்கள் சாக்கைத் தூக்கிப் பாருங்கள், நான் சொல்வது கையிலேயே தெரியும்.

வேண்டியது வைக்கோல். கீழேயிருந்து லாரியில் வருவதால் விலை கூடுதல்தான். மாடு வைத்திருப்பவரிடம் இரண்டு கட்டு கேட்டு வாங்குங்கள். வைக்கோல் தாளுக்குள் துளை உண்டு. அதில் நிற்கிற காற்றுதான் போர்வை. நாய் அதற்குள் குழிபறித்துச் சுருண்டுகொள்ளும், வாலை மூக்கின்மேல் போட்டுக்கொள்ளும். சாக்கில் இது நடக்காது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் செங்கல்மேல் பலகைப் பெட்டி வைத்து, முக்கால் பாகம் வைக்கோலை அடைத்து வையுங்கள். நாய் நின்று, திரும்பி, சுருண்டு படுக்க இடமிருந்தால் போதும். தாராளமாக இருக்கட்டும் என்று பெரிதாகச் செய்தால் அந்த வெற்றிடத்தையும் நாய்தான் சூடாக்க வேண்டும். பெட்டியின் வாய் காற்று அடிக்காத பக்கம் இருக்கட்டும். வைக்கோலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், நனைந்தால் அன்றே மாற்றுங்கள். தகரக் கூரையின் அடிப்பக்கம் விடியலில் வியர்த்துச் சொட்டும், அதனால் பெட்டிக்குத் தனியாக மரக்கூரை வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளுக்கே உறைபனிக்கு மிலார் செடிகளைப் போர்த்துகிறார்கள். காவல் நாய்க்கு நான்கு பலகை அதிகமில்லை.

உங்கள் வியாபாரிக்கு வருவோம். எதையும் தாங்கும் என்பது விற்பவரின் வாக்கு. சமவெளியில் ஏசி அறைக்குள் பனிநாட்டு நாயான ஹஸ்கியை வைத்து விற்பவரும் மலைக்குச் சிப்பிப்பாறையை ஏற்றிவிடுபவரும் எனக்கு ஒன்றுதான். வளரப்போகிற ஊர் எது என்று இருவரும் கேட்பதில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. இன்றும் கண் திறந்து சில நாளே ஆன குட்டியைக் கூடையில் வைத்து நீட்டுகிறார்கள். டானிக் புட்டியைத் திருப்பிக் கொடுத்து அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள். குளிர் முடியும்வரை சிப்பிப்பாறைக்குத் தீனி வழக்கத்தைவிடக் கால் பங்காவது கூடட்டும், அதுவும் தயிர்ச்சோறாக இல்லாமல் இறைச்சி, முட்டை, கொஞ்சம் கொழுப்பு என்று. ஸ்வெட்டர் பகலில் வெளியே போகும்போது சரி. பனியில் நனைந்த ஸ்வெட்டர் ஈரச் சாக்குக்கு அண்ணன். சங்கிலியில் கட்டிய நாய்க்கு அது சிக்கிக்கொள்ளவும் செய்யும். யாராவது பிராந்தி ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். தோலடி ரத்தக்குழாய்களை விரித்து, உள்ளே இருக்கிற சூட்டையும் அது வெளியேற்றிவிடும்.

இப்போது காவல். உங்கள் பக்கம் சிறுத்தைக்கு நாய் என்றால் எவ்வளவு பிரியம் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டிலிருந்து எட்டத்தில், காட்டை ஒட்டி, ஓட முடியாமல் சங்கிலியில் கட்டிய நாயைக் காவல் என்று என்னால் சொல்ல முடியாது. அது இரை. பன்றிக்கும் நாயின் சங்கிலி எவ்வளவு நீளம் என்று நான்கு நாளில் தெரிந்துவிடும், அதற்கு அப்பால் நின்று நிதானமாகக் கிழங்கைக் கிளறும். நாட்டு நாயையும் மேலே கொண்டுவந்து, வீட்டை ஒட்டி, இரவில் கதவு சாத்துகிற கொட்டகைக்குள் பெட்டியை வையுங்கள். கதவுக்குப் பின்னாலிருந்தும் நாய்க்குக் காது கேட்கும். ராத்திரி நன்றாகத் தூங்கிச் சூடாக எழுந்த நாய் குரைத்தால் அதில் அர்த்தம் இருக்கும். நடுங்கிக் களைத்த நாய் ஓடையில் கல் உருண்டாலும் குரைக்கும், நீங்களும் எழுந்து பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

ஒன்பது வயது நாய்க்கு மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். குளிரில் அது கூடும். உலர்ந்த படுக்கையில் ஒரு வாரம் விட்டும் விறைப்பு குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் இருக்கிற வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதுதான் நம்மவர்களின் முதல் வைத்தியம். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருமலோடு கண்ணிலும் மூக்கிலும் சளி வழிந்தால் ‘சளி பிடித்திருக்கிறது’ என்று காத்திருக்காதீர்கள். டிஸ்டம்பர் என்ற, நாயைக் கொல்லக்கூடிய வைரஸ் நோயும் அப்படித்தான் தொடங்கும்.

நாய் வாசற்படி தாண்டாது என்றே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அடுப்படிச் சுவரை ஒட்டிய விறகுக் கொட்டகை இருந்தால் சிப்பிப்பாறைக்கும் அது போதும். ஆனால் அங்கே கரியடுப்பு மூட்டிவைத்துவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை மனிதனையே தூக்கத்தில் கொன்றுவிடும். அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கவேண்டும். 99-க்குக் கீழே இறங்கினால் துடைத்து உலர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளைப் பக்கத்தில் வைத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டுச் சோர்ந்து படுத்தால், தேறிவிட்டது என்று நினைத்துத் தூங்கப் போய்விடாதீர்கள். அப்போதுதான் முதலில் தெர்மாமீட்டரை எடுக்கவேண்டும்.