பிஎஃப் பணத்தை எடுத்து ஷேரில் போடலாமா?

பர்கூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 44. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 8 வருஷம் 10 மாதம் வேலை பார்த்தவர், இப்போது சூளகிரி பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சேர்ந்த காலத்தில் அடிப்படைச் சம்பளம் 11,000 ரூபாய், இப்போது 17,000. பழைய பிஎஃப் கணக்கில் 3,20,000 ரூபாய் இருக்கிறது. மச்சான் ஒரு டெலிகிராம் குழுவில் சேர்ந்து ஷேர் வாங்கி விற்கிறாராம், மாதம் 5 சதவீதம் நிச்சயம் என்கிறாராம். கம்பெனி கேட் அருகே ஒரு பிரவுசிங் சென்டரில், பிஎஃப், பென்ஷன் இரண்டையும் பத்தே நாளில் எடுத்துத் தருவதாகச் சொல்லி 8 சதவீதம் கமிஷன் கேட்கிறார்கள். "எடுத்து ஷேரில் போட்டால் 58 வயதில் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் இருக்கலாமா?" என்பது அவர் கேள்வி.

எடுக்காதீர்கள். பழைய கணக்கைப் புதிய கம்பெனிக் கணக்கோடு சேர்த்துவிடுங்கள். ஷேரில் சேமிக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான், அதற்கு மாதச் சம்பளத்திலிருந்து வழி இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். முழுப் பிஎஃபையும் எடுக்கும் வசதி வேலை போய் சும்மா இருப்பவர்களுக்கானது. நீங்கள் வேறொரு பிஎஃப் உள்ள கம்பெனியில் சேர்ந்துவிட்டீர்கள். அந்த பிரவுசிங் சென்டர்காரர் என்ன செய்வார் என்றால், உங்கள் பெயரில் 'வேலையில் இல்லை' என்று தட்டிவிட்டு விண்ணப்பம் போடுவார். பொய் சொன்னவர் அவர், கையெழுத்துக்குச் சமமான ஓடிபி கொடுத்தவர் நீங்கள். நாளைக்குக் கேள்வி வந்தால் அவர் கடையைக் காலி செய்துகொண்டு போய்விடுவார். பிஎஃப் அலுவலகம் எந்த விண்ணப்பத்துக்கும் பணம் வாங்குவதில்லை. 3,20,000-க்கும் பென்ஷன் பணத்துக்கும் சேர்த்து 8 சதவீதம் என்றால் முப்பத்தாறாயிரத்துக்கு மேல் போகிறது. உங்கள் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தை விட அதிகம்! ஆதார் நகல், யுஏஎன் (எல்லாப் பிஎஃப் கணக்குக்கும் பொதுவான உங்கள் எண்) பாஸ்வேர்டு, பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் அங்கே விட்டுவிட்டு வருபவர்களை நினைத்தால் எனக்குப் பதைக்கிறது. ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

சரி, பென்ஷனுக்கு வருகிறேன். பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்திகள் இருக்கும். 17,000-க்கு முழுதாகப் பிடித்தால் உங்கள் பங்கு 2,040 ரூபாய். கம்பெனியும் அதே 2,040 கட்டுகிறது. ஆனால் அதில் 790 மட்டும் பிஎஃபில் சேரும், 1,250 பென்ஷன் பத்திக்குப் போகும். பென்ஷன் பத்திக்கு வட்டி ஏறாது. அதனால்தான் 'அது செத்த பணம், எடுத்துவிடு' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பத்தியில் நீங்கள் பார்க்க வேண்டியது ரூபாயை அல்ல, வருஷங்களை. எத்தனை வருஷம் சேர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பென்ஷன் கணக்கிடுகிறார்கள்.

10 வருஷம் இருந்தால் பென்ஷன் உண்டு. இல்லையென்றால் கிடையாது. இதில் ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள். அதாவது 9 வருஷம் 6 மாதம் ஆகிவிட்டால் அது 10 வருஷம்தான். அதற்குப் பிறகு பென்ஷன் பணத்தை மொத்தமாக எடுக்கவே முடியாது, 58 வயதில் மாதாமாதம்தான் வரும். அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் மட்டும்தான் எடுக்க விடுவார்கள். எடுத்த நாளோடு பழைய வருஷங்கள் பூஜ்யம். நீங்கள் 8 வருஷம் 10 மாதத்தில் நிற்கிறீர்கள். கணக்கைச் சேர்த்துவிட்டால் புதிய கம்பெனியில் எட்டே மாதத்தில் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், அதில் மூன்று மாதம் போயும்விட்டது. கமிஷன்காரர் அவசரப்படுத்துவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். கோடு தாண்டிவிட்டால் பென்ஷன் பணத்தில் அவருக்குக் கமிஷன் இல்லை.

ரூபாயாகப் பார்ப்போம். பென்ஷனுக்கான சம்பளத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. 2014-ல் வைத்தது. பத்து வருஷத்துக்கு மேலாக விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இதைப் பேசாத தொழிற்சங்கம் இல்லை, கேட்பாரும் இல்லை. அந்தச் சம்பளத்தை வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். பழையதையும் சேர்த்து 58 வரை வேலை பார்த்தால் உங்களுக்கு 23 வருஷம் ஆகும். 20 வருஷத்தைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷம் கூட்டித் தருகிறார்கள், ஆக 25. மாதம் 5,357 ரூபாய். பழையதை எடுத்துவிட்டால் 14 வருஷம் மட்டும், கூட்டலும் கிடையாது. மாதம் 3,000. இப்போது எடுத்தால் கைக்கு வருவது ஒன்றரை லட்சத்துக்கும் கீழே.

அந்த ஒன்றரை லட்சத்தைப் பதினான்கு வருஷம் தொடாமல் நல்ல இடத்தில் வைத்திருந்தால் இந்த வித்தியாசம் ஈடாகிவிடாதா என்று கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஈடாகலாம், மறுக்கவில்லை. ஆனால் தனியார் வேலையை யோசியுங்கள். புதிய கம்பெனி ஐந்து வருஷத்தில் மூடிவிட்டது, அப்புறம் பிஎஃப் உள்ள வேலை அமையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதைச் சேர்த்திருந்தால் 14 வருஷம், பென்ஷன் உண்டு. உங்களுக்குப் பின் உங்கள் மனைவிக்கும் உண்டு. எடுத்திருந்தால் வெறும் ஐந்து வருஷம், பென்ஷனே இல்லை. ஓசூர் பக்கம் நாற்பது வயதுக்கு மேல் வேலை இழந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அடுத்த வேலை எப்படிப்பட்ட வேலையாக அமைகிறது என்று.

பிஎஃப் பகுதிக்கு 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்திருக்கிறார்கள். உங்களைப் போன்றவருக்கு இவ்வளவு பத்திரமான இடத்தில் இந்த வட்டி வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. அதை உடைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இனி மச்சான் விஷயம். மாதம் 5 சதவீதம், அதுவும் நிச்சயமாக என்றால், லாபத்தையும் சேர்த்துப் போட்டு வந்தால் ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் 1,79,000-ஐத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு வழி தெரிந்தவர் டெலிகிராமில் ஆள் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் யாரும் லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது, அது விதி. இந்தக் குழுக்கள் பெரும்பாலும் தாங்களே ஓர் ஆப்பை இறக்கச் சொல்லும். அதில் உங்கள் பணம் ஏறிக்கொண்டே போவதாகக் காட்டும், முதலில் இரண்டாயிரம் மூவாயிரம் எடுக்கவும் விடும். பெரிய தொகை போட்டபின் எடுக்கப் போனால், 'முதலில் வரி கட்டு' என்பார்கள். அதைக் கட்டினால் இன்னொன்று. மச்சான் பணம் அனுப்பிய கணக்கு யார் பெயரில் இருந்தது என்று கேளுங்கள். தனிநபர் பெயரோ, கேள்விப்படாத டிரேடர்ஸ் பெயரோ என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாரோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. ஈமு கோழி மோசடியில் பணம் போட்டவர்கள் நம் மேற்கு மாவட்டங்களில் எத்தனை பேர், அவர்களையும் சொந்தக்காரர்கள்தான் கூட்டிப்போனார்கள்.

ஒருவேளை ஆப் உண்மையானது, மச்சான் செய்வது எஃப் அண்ட் ஓ வியாபாரம், அதாவது ஷேர் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஒப்பந்த வியாபாரம் என்றால், அதுவும் உங்களுக்கு வேண்டாம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளின் கணக்கை எடுத்து செபி 2024-ல் வெளியிட்டது. அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல்.

உங்களுக்கான வழி சாதாரணமானது. மாதம் 2,000 ரூபாய், நிஃப்டி 50 இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை போட்டுவரும் முறை. உங்கள் பணம் நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளில் பிரிந்து போகிறது, எதை வாங்குவது எதை விற்பது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 'டைரக்ட்' என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள், நடுவில் இருப்பவருக்கு வருஷாவருஷம் போகும் கமிஷன் அதில் இல்லை. பதினான்கு வருஷத்தில் நீங்கள் போடுவது 3,36,000. சராசரியாக வருஷம் 10 சதவீதம் வளர்ந்தால் ஏழு லட்சத்தைத் தாண்டும். வளரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அதே அக்டோபர் கடைசியில் 8,500 அளவுக்கு வந்துவிட்டது. திரும்ப 21,000-ஐப் பார்க்க 2010 நவம்பர் ஆனது. அந்த இரண்டு வருஷமும் எஸ்ஐபியை நிறுத்தாமல் கட்டியவர்கள் மலிவாக வாங்கிச் சேர்த்தார்கள், பயந்து விற்றவர்கள் நஷ்டத்தை நிரந்தரமாக்கிக்கொண்டார்கள். சந்தை இப்படி விழக்கூடும் என்பதால்தான் 55 வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இதிலிருந்து வங்கி டெபாசிட்டுக்கு மாற்றிவர வேண்டும்.

மனைவி பெயரில் உள்ள மாந்தோப்புக் குத்தகைப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெங்களூரா மாம்பழ விலை ஒரு வருஷம் போல மறு வருஷம் இருப்பதில்லை, அதை நம்பி எஸ்ஐபி போடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு சேரும்வரை அது வங்கியில் டெபாசிட்டாக இருக்கட்டும். டெபாசிட் போடப் போன இடத்தில் 'பென்ஷன் பாலிசி' என்று வேறொரு காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாமல் வந்துவிடுங்கள்.

கணக்கைச் சேர்க்கும் வேலை ஆன்லைனில் நீங்களே செய்யலாம் என்பார்கள். செய்யலாம், பெயர் சரியாக இருந்தால். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. ஆதாரில் 'செல்வம் முருகேசன்', கம்பெனி பதிவில் 'எம். செல்வம்', பேங்கில் 'செல்வம் எம்'. தமிழ்நாட்டில் அப்பா பெயர் இனிஷியலாக வரும் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டு ஆங்கிலத்தில் ஒரு வரி காரணம் போடுவார்கள், தொழிலாளி அது புரியாமல் நேரே பிரவுசிங் சென்டருக்குப் போகிறார். கமிஷன்காரர்களை வளர்ப்பதே இந்த நடைமுறைதான்.

அதனால் விண்ணப்பிக்கும் முன் மூன்று இடத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் சிலருக்குப் பழைய கம்பெனியோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டியிருக்கலாம். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஏற்றலாம். மாற்றல் முடிந்தபின் புதிய பாஸ்புக்கில் பிஎஃப் பணம் வந்திருக்கும், ஆனால் பழைய பென்ஷன் பத்தியில் பூஜ்யம் நிற்கும். பணம் போய்விட்டதென்று பயந்து ஓடிவருபவர்கள் நிறைய. பென்ஷனில் மாறிவருவது பணம் அல்ல, பணிக்காலம். யுஏஎன் கணக்கில் பணி வரலாற்றைத் திறந்து, பழைய கம்பெனியில் சேர்ந்த தேதியும் விட்ட தேதியும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.