சென்னையிலிருந்து பாய்மரப் படகில் கரையோரமாகவே, சிறுசிறு தூரமாகத் தெற்கே போக முடியுமா?

முடியும். ஒரு தை மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வரை போயிருக்கிறேன். நண்பருடைய 28 அடிப் படகு. அவர், நான், மெரினாவில் கால் நனைத்ததோடு சரி என்றிருந்த என் மச்சான், ஆக மூன்று பேர். ஆனால் கேள்விக்குக் கீழே “கரையை ஒட்டியே போனால் பயமில்லைதானே, முடியாவிட்டால் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். நம் கரையில் ஒதுங்க இடம் கிடையாது.

வரைபடத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 75 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., இனி வெறும் ‘மைல்’ என்று சொல்வதும் கடல் மைல்தான். இவ்வளவு தூரத்துக்கும் கரை ஏறக்குறைய நேர்க்கோடு. காற்றுக்கு மறைவாக ஒரு வளைவோ, தீவோ இல்லை. சென்னைத் துறைமுகமே கல்லைக் கொட்டிக் கட்டியதுதான். கட்டியபின் தெற்கேயிருந்து நகர்ந்து வந்த மணல் சுவரில் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. அதே மணல்தான் ஆற்று முகத்துவாரங்களையும் அடைக்கிறது. கடல் ஏறட்டும், அப்புறம் உள்ளே நுழையலாம் என்று காத்திருக்கவும் முடியாது. சென்னையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான்.

அதனால் இங்கே கரைதான் ஆபத்து. வாடைக் காற்று படகைக் கரைப்பக்கமாகவே தள்ளும். அரை மைலில் போய்க்கொண்டிருக்கும்போது ஏதாவது கோளாறு என்றால், சரி செய்வதற்குள் அலை உடையும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள். நாங்கள் நான்கைந்து மைல் தள்ளியே போனோம். கல்பாக்கம் பக்கம் இன்னும் விலகிப் போனோம், அங்கே அணுமின் நிலையம் இருப்பதால்.

காலத்தைப் பொறுத்தவரை தை மாதம்தான் என் தேர்வு. அதற்கு முன்னால் புயல் காலம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்றுதான் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. தையில் வாடை தணிந்து, ஆனாலும் முதுகுப்பக்கமிருந்து தள்ளும் அளவுக்கு இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் இருக்காதே என்று ஆசை வரும். வேண்டாம். அப்போது தென்காற்று நேராக மூஞ்சியில் அடிக்கும். நீரோட்டமும் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். மீனவர்கள் அதை வன்னி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே போவதைத் தெண்டி என்பார்கள். கிளம்பும் முன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் யாரிடமாவது “இப்ப தெண்டியா, வன்னியா?” என்று கேட்டுப் பாருங்கள். கேட்ட விதத்திலேயே உங்களை ஓரளவு மதித்துப் பதில் சொல்வார்கள்.

அப்புறம் நேரக் கணக்கு. எங்கள் படகு சராசரியாக மணிக்கு 5 கடல் மைல் போகும். புதுச்சேரிக்குப் 15 மணி நேரம். தெரியாத கரைக்கு வெளிச்சத்தில்தான் போய்ச் சேர வேண்டும், அதனால் போய்ச் சேரும் நேரத்தை முதலில் முடிவு செய்து பின்னோக்கி எண்ண வேண்டும். காலை 7 மணிக்குச் சேர வேண்டுமென்றால் மாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வந்தது. இரவில் வலை மிதவைகள் கண்ணில் படவேண்டுமே என்று தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு கிளம்பினோம். வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்களைத் தாண்டும்வரை மச்சான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பாடவில்லை.

காற்று பின்னாலிருந்து வந்தால் சுகம் என்று நினைப்பீர்கள். படகு தூளி மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். கவனம் சிதறினால் பாய் அதன் அடிக்கட்டையோடு திடீரென்று மறுபக்கம் வீசி அடிக்கும், தலை அங்கே இருந்தால் தொலைந்தோம். இரவு 10 மணிவாக்கில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் வலப்பக்கம் வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பிய மாலுமிகள் அந்தக் கோயில்களைத்தான் அடையாளமாக வைத்துக்கொண்டு ‘ஏழு பகோடா’ என்று பெயர் வைத்தார்களாம். எங்களுக்குத் தெரிந்தது விளக்கு மட்டும்தான்.

நிலவு நாலரைக்கு இறங்கிவிட்டது. அதை யோசிக்கவே இல்லை. காற்றும் விழுந்துவிட, எஞ்சினைப் போட்டோம். புதுச்சேரிக்குச் சற்று முன்னால் காலாப்பட்டுக்கு நேரே, சுமார் 5 மணிக்கு, எஞ்சின் ஒரு முனகலோடு நின்றது. படகைத் தள்ளும் விசிறியில் மீன்வலை சிக்கியிருந்தது.

சிறிது நேரத்தில் மீனவர்களின் ஃபைபர் படகு ஒன்று வந்தது. திட்டப்போகிறார்கள் என்று நினைத்தோம், திட்டினார்கள்தான். “என்னா சார், இவ்ளோ பெரிய கொடி கட்டி வச்சிருக்கோம், கண்ணு தெரியலயா?” இருட்டில் கறுப்புக் கொடி. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர்களில் ஒரு பையன் கத்தியோடு குதித்து, கால் மணி நேரத்தில் வெட்டி எடுத்தான். வலைக்கு ஐயாயிரம் கொடுத்தோம். பிறகு பெரியவர் ஒருவர், “எங்க தங்கப் போறீங்க?” என்று கேட்டார். உங்கள் பின்னாலேயே முகத்துவாரத்துக்குள் வருகிறோம் என்றார் நண்பர். பெரியவர் எங்கள் படகின் வயிற்றை எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். “எங்க போட்டு போற எடத்துல எல்லாம் உங்க போட்டு போவாது சார். தட்டிடும். வெளியவே நங்கூரம் போடுங்க.” எங்கள் படகுக்கு ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும், அவர்களுடையதற்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும். வெளியிலேயே போட்டோம். பகல் முழுக்க ஆட்டம், தூக்கம் இல்லை, ஆனால் படகு முழுசாக இருந்தது.

நீங்கள் கேட்கும் ‘சிறு தூரம்’ மறுநாள்தான் வந்தது. புதுச்சேரி–கடலூர், 13 மைல், மூன்று மணி நேரம். காலையில் புளிசாதம் சாப்பிட்டு, பாயை விரித்து, மதியத்துக்கு முன்பே கடலூர் முதுநகரில் கட்டிவிட்டோம். முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் சுவர் இருப்பதால் உள்ளே போவது சுலபம். பயணம் முழுவதும் இப்படியே இருந்திருக்கலாம்.

அதற்குக் கீழே பரங்கிப்பேட்டை. அதுவும் 13 மைல்தான், ஆசை காட்டும். போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம். வெள்ளாற்று வாயில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டோம். நள்ளிரவில் கடலூரை விட்டு, சுமார் 57 மைல் ஓடி, மறுநாள் மதியம் நாகப்பட்டினம்.

அங்கேயே முடித்துக்கொண்டோம். கோடியக்கரையைச் சுற்றினால் பாக் நீரிணை. ஆழம் குறைவு, இலங்கை எல்லையும் பக்கம். மூன்று பேர் விடுமுறைப் பயணத்துக்கு அது தேவையில்லை. படகைத் தெரிந்தவர் பொறுப்பில் நாகையில் விட்டுவிட்டு பேருந்தில் வந்தோம். மார்ச் கடைசியில் போய், தென்காற்றும் வன்னியும் சேர்ந்து தள்ள வடக்கே கொண்டுவந்தோம். அந்தத் தடவை காலாப்பட்டை எட்டு மைல் தள்ளிப் பகலில் தாண்டினோம்.

காகித வேலையும் உண்டு. படகின் பதிவுச் சான்று, எல்லோருடைய ஆதார், துறைமுக அனுமதி, யார் எங்கே எப்போது என்ற பட்டியல். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலில் நிறுத்திக் கேட்பார்கள். படகின் வி.எச்.எஃப். ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554.

உடனே புதுச்சேரி என்று கிளம்பாதீர்கள். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் விடியற்காலைக் கரைக்காற்றில் கிளம்பி, கோவளம் வரை 18 மைல் போய், மதியக் கடல்காற்றில் திரும்பிப் பாருங்கள், அனுபவமுள்ள ஒருவரோடு. வாந்தி வராமலிருக்க அவோமின் மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். என் மச்சான் கப்பல்களைத் தாண்டிய பிறகுதான் போட்டான், ஐந்து நிமிடத்தில் அது கடலுக்குள் போய்விட்டது.