சார்ட் தர மாட்டேன், ஒரு நோட்டு வாங்குங்கள்

சென்னையில் 20 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். முதலில் மருத்துவமனையில், இப்போது என் வீட்டு மாடியிலேயே. மெதுவாக எடை குறைக்க நமக்கு நாமே சாப்பாட்டுத் திட்டம் போட்டுக்கொள்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒன்று: நான் டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டவா, குறைக்கவா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மடிப்பாக்கம், இல்லத்தரசி, 38 வயது: உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. எனக்கு ஒரு டயட் சார்ட் எழுதிக் குடுங்க மேடம். அப்படியே ஃபாலோ பண்றேன்.

பண்ண மாட்டீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் எழுதிக் கொடுத்த சார்ட்டுகளில் முக்கால்வாசி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தோடு தொங்கியதுதான் மிச்சம். என் சார்ட்டில் ஓட்ஸ் இருக்கும், உங்கள் வீட்டில் அரிசி உப்புமா இருக்கும். புதன்கிழமைக்குள் சார்ட் தோற்றுவிடும்.

பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், வாய்க்குள் போனதை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். சில வருடம் முன்பு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். "மூணு இட்லிதான் மேடம் சாப்பிடறேன், தண்ணி குடிச்சாலே வெயிட் போடுது" என்றார். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். ஒரு நாளின் பக்கம் இப்படி இருந்தது: 5.40 காபி. 7.10 பையன் மிச்சம் வைத்த அரை தோசை. 7.30 இட்லி மூணு. 7.45 சின்னவள் மிச்சம் வைத்த இன்னொரு அரை தோசை. 10.30 காபி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 4.00 காபி, மிக்சர் ரெண்டு கை. 6.30 காபி.

"ரெண்டு கைன்னா எவ்வளவு?" என்று கேட்டு, அவர் கையாலேயே அள்ளச் சொல்லித் தராசில் போட்டோம். 50 கிராம். மிக்சர் 50 கிராம் என்றால் 250 கலோரிக்கு மேல். நாலு காபிக்கும் இரண்டிரண்டு டீஸ்பூன் சர்க்கரை, மொத்தம் 40 கிராம், 160 கலோரி. இரண்டு அரை தோசை சேர்ந்தால் ஒரு முழு தோசை, எண்ணெயோடு 150 பக்கம். ஆக, அவர் "சாப்பாடு" என்று நினைத்த எதையும் தொடாமலே 550 கலோரி தனியாக நின்றது.

காபியை அரை ஸ்பூனுக்கு இறக்கினார், மிக்சரை வாரத்தில் இரண்டு நாள் ஆக்கினார். மிச்ச தோசை கணவர் தட்டுக்குப் போக ஆரம்பித்தது.

உங்களுக்கும் அதேதான். நோட்டிலிருந்து நீங்களே மூன்று இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விட முடியாத ஒன்றைத் தொடாதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. தினம் 500 குறைந்தால் காகிதத்தில் வாரம் அரைக் கிலோ. உடம்பு காகிதம் மாதிரி நடக்காது, கால் கிலோ இறங்கினாலும் சரிதான். உங்கள் முதல் இலக்கு 60 இல்லை, 70. இருக்கிற எடையில் 5 சதவீதம் இறங்கினாலே ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் கொஞ்சம் இறங்கிவரும்.

அம்பத்தூர், ஷிஃப்ட் வேலை: ராத்திரி சோறை நிறுத்திட்டு சப்பாத்திக்கு மாறி நாலு மாசம் ஆச்சு. ஒரு கிலோ ஏறிதான் இருக்கு. ஏன்?

எத்தனை சப்பாத்தி என்று எழுதவில்லையே! நாலு என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு சப்பாத்திக்கு 40 கிராம் மாவு, 140 கலோரி. சுடும்போது ஒரு டீஸ்பூன் எண்ணெய், அது 45. நாலுக்கு 700ஐத் தாண்டுகிறது, குருமா கணக்கில் இல்லை. எங்கள் வீட்டு அன்னக்கரண்டியால் எடுத்த சாதத்தை நிறுத்துப் பார்த்திருக்கிறேன், ஒரு கரண்டி 90 கிராம், 115 கலோரி பக்கம். இரண்டு கரண்டி சாதம், ரசம், நிறைய புடலங்காய்க் கூட்டு என்று சாப்பிட்டிருந்தால் பாதிதான் ஆகியிருக்கும்.

சோறு எதிரி இல்லை. குழம்பு ஊற்றி ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு மலை என்று மூன்று தடவை போடுவதுதான் பிரச்சினை. மூன்றுக்கும் சேர்த்து இரண்டு கரண்டி என்று முதலிலேயே தட்டில் எடுத்து வைத்து, மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் வராது. வாழைக்காய் வறுவலும்தான், முந்திக்கொண்டு கேட்காதீர்கள்.

மேற்கு மாம்பலம், ஓய்வு பெற்றவர்: அரிசிக்குப் பதில் தினை, சாமை, வரகு சாப்பிட்டால் எடை குறையுமா?

100 கிராம் அரிசியும் 100 கிராம் தினையும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்றுதான், 350ஐ ஒட்டி வரும். தீட்டாத சிறுதானியத்தில் நார்ச்சத்து அதிகம், சீக்கிரம் வயிறு நிறையும், அதனால் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவோம். லாபம் அவ்வளவுதான். சாமைப் பொங்கலில் நெய்யும் முந்திரியும் மிதந்தால் அந்த லாபமும் போச்சு. கடையில் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள், அரிசி மாதிரி வெளுத்திருந்தால் அதையும் தீட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். தவிட்டைத் தீட்டித் தள்ளுவதால் வந்த வினை நமக்குப் புதிதல்ல. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918இல் நம்ம குன்னூரில் தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன அறையில் ஆரம்பித்ததுதான்.

கொரட்டூர்: நாங்க செக்கு எண்ணெய் மட்டும்தான். அதுக்கும் அளவு உண்டா?

உண்டு. செக்கோ, ரீஃபைண்டோ, நெய்யோ, ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரியை ஒட்டித்தான். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். 18ஆம் தேதியே காலியானால் காரணம் உங்களுக்கே தெரியும்.

சோழிங்கநல்லூர், ஐ.டி., 27 வயது: பி.ஜி.யில இருக்கேன், சமையல் நம்ம கையில இல்ல. நைட் ஷிஃப்ட் வேற.

சமையல் கையில் இல்லை, தட்டு கையில்தான் இருக்கிறது. மெஸ் சாப்பாட்டில் குறைவது புரதம். உங்கள் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் என்று பாருங்கள். 70 கிலோ என்றால் 70 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்து வேகவைத்தால் 10 கிராம் பக்கம். அறையில் எலக்ட்ரிக் கெட்டில் இருந்தால் முட்டை வேகவைக்கலாம் (வார்டனுக்குத் தெரியாமல் என்று நான் சொல்லவில்லை). மெஸ்ஸில் மீன் குழம்பு வரும் நாளில் குழம்பை விட்டுவிட்டு மீனை இன்னொரு துண்டு கேளுங்கள், அது மத்தி என்றால் ரொம்ப நல்லது.

இரவு 2 மணிக்குப் பசிப்பது இயற்கை. அந்த நேரத்துக்குச் சுண்டலோ, வறுத்த கடலையோ டப்பாவில் இருந்தால் கேன்டீன் பஃப்ஸ் பக்கம் கால் போகாது. விடிந்ததும் வந்து பொங்கல் வடை சாப்பிட்டுப் படுப்பதை மட்டும் விடுங்கள். இட்லி மூன்று, சாம்பார், அது போதும்.

பெரம்பூர், 26 வயது: ஆறு வாரத்துல எனக்குக் கல்யாணம். எட்டு கிலோ குறையணும். ஜூஸ் டயட் இருக்கலாமா அக்கா?

வேண்டாம்மா. ஆறு வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ நியாயமாகக் குறையும். பட்டினி கிடந்தால் முதல் வாரம் மெஷின் மூன்று கிலோ காட்டும், அது பெரும்பாலும் தண்ணீர். தசையில் சேர்த்துவைத்த மாவுச்சத்து கரையும்போது அதோடு கட்டுண்ட தண்ணீரும் இறங்கும், அவ்வளவுதான். ரிசப்ஷனில் சாப்பிட்டதும் திரும்பி வந்துவிடும். வேகமாக எடை இறக்கினால் பித்தப்பையில் கல் சேர வாய்ப்பு அதிகம். இன்னொன்று, பட்டினிக்குப் பலனாக முடி கொட்டுவது உடனே வராது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். அதாவது மறுவீடு எல்லாம் முடிந்து, புது வீட்டுக் குளியலறையில்.

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும்போது உள்ளே இரண்டு இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லு. இரண்டு பக்கமும் உதவும்.

குரோம்பேட்டை, 56 வயது: சுகருக்கு 9 வருஷமா மாத்திரை. ராத்திரி சாப்பாட்டை விட்டுடலாம்னு இருக்கேன்.

சார், உங்கள் டாக்டரிடம் பேசாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டை விட்டால் ராத்திரியில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு. மாத்திரை அட்டையை எடுத்து முதலில் பெயரைப் படியுங்கள். குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். எடை குறையக் குறைய மாத்திரையின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். இரவு 9.30 மணிச் சாப்பாட்டை 7.30க்குக் கொண்டுவந்து, அளவைக் குறைப்பது பற்றி அவரிடம் கேளுங்கள்.

தாம்பரம்: குழந்தை பிறந்து நாலு மாசம். தாய்ப்பால் குடுக்கறேன்.

உங்களுக்குக் கடுமையான திட்டம் எதுவும் வேண்டாம். பசித்தால் சாப்பிடுங்கள். பத்தியம் என்ற பெயரில் வரும் நெய், லேகியம், இனிப்பு ஆகியவற்றை மட்டும் சின்ன ஸ்பூனுக்கு மாற்றுங்கள்.

அடையாறு: தினம் ஒரு மணி நேரம் கடற்கரையில் நடக்கிறேன். இறங்கவே இல்லை.

65 கிலோ ஆள் ஒரு மணி நேரம் நடந்தால் 200, 250 கலோரி செலவாகும். நடை முடிந்ததும் நண்பர்களோடு எங்கே உட்காருகிறீர்கள்? இரண்டு மெதுவடை, ஒரு காபி, கணக்கு நேர். நடையை விடாதீர்கள், இடுப்புச் சுற்றளவுக்கும் மூட்டுக்கும் தூக்கத்துக்கும் அது நல்லது. இன்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. எடை அசையாத மாதத்திலும் டேப் அசையும்.

அண்ணா நகர்: ஊசி போட்டால் போதும் என்கிறார்களே?

செமாக்ளுடைட், டிர்செபடைட் ஊசிகளைத்தான் கேட்கிறீர்கள். பசியைக் குறைக்கும், எடையும் நன்றாக இறங்கும், உண்மை. யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும், கொழுப்போடு தசையும் கரையும். அதனால் ஊசி போட்டாலும் நோட்டும் முட்டையும் சுண்டலும் தேவை.

வில்லிவாக்கம், 33 வயது: மாமியார்தான் பரிமாறுவாங்க. குறைச்சு போடுங்கன்னா "என் சமையல் பிடிக்கலையா"ன்னு முகம் வாடிடறாங்க. ஞாயிறு பிரியாணி வேற!

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்தேன். டயட் என்ற வார்த்தையை வீட்டில் எடுக்காதீர்கள். எடுத்தால் உங்கள் தட்டுக்கு ஐந்து பேர் மேற்பார்வை. பரிமாறும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், "நீங்க உட்காருங்க அத்தை, நான் போடறேன்" என்று. எந்த மாமியாரும் இதற்கு மறுப்புச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. கரண்டி கைக்கு வந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. அவர் கூட்டு, கீரை, பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்குங்கள், வாயாரப் பாராட்டுங்கள். சமையல் பிடித்திருக்கிறது என்பது போய்ச் சேரும், சாதம் குறைந்தது யார் கண்ணிலும் படாது.

பிரியாணியை விடச் சொல்லவே மாட்டேன். முதலில் ஒரு கிண்ணம் வெங்காயத் தயிர்ப் பச்சடி, ஒரு முட்டை. பிறகு பிரியாணி, வழக்கமாகப் போடுவதில் பாதி, கறித்துண்டு மட்டும் குறையாமல். சட்டியின் அடியில் நெய்யோடு ஒட்டியிருப்பதைச் சுரண்டுகிற ஆசை உங்களுக்கும் இருந்தால், அதையும் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுச் சுரண்டுங்கள்.