பேட்டரியைத் தின்பது மறையாக்கமா?

கேள்வி: ஈசூன் வீவக வீட்டில் தனியாக வசிக்கும் என் அம்மாவுக்காக வாசற்கதவில் வைஃபை சென்சார் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். கதவு திறந்தால் என் கைப்பேசிக்குத் தகவல் வரும். ஓராண்டு உழைக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த பேட்டரி மூன்றே மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தகவலை மறையாக்கம் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி, அனுப்புவதுதான் காரணம் என்கிறார் நண்பர். அதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். வீடு எந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது என்பது அந்நியர் அறிய வேண்டிய செய்தி அன்று.

நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. "கதவு திறந்தது" என்ற சிறு தகவலை மறையாக்கம் செய்ய இன்றைய சில்லுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். செலவு வைப்பது அதற்கு முன் நடக்கும் அறிமுகப் படலம்தான். சென்சாரின் தகவலை வாங்கி உங்கள் கைப்பேசிக்குச் சேர்க்கும் சர்வர், தான் யார் என்று காட்டும் சான்றிதழை அனுப்ப, சென்சார் அதைச் சரிபார்க்க, இருவரும் ஒரு ரகசியச் சாவிக்கு உடன்பட வேண்டும். அதுவரை சென்சாரின் வைஃபை அலைபரப்பி உறங்காமல் விழித்திருக்கிறது. சர்வர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தால், சிங்கப்பூரிலிருந்து ஒருமுறை போய்வரவே ஏறத்தாழ 170 மில்லிவினாடி ஆகும். இந்த அறிமுகத்துக்கும் மறையாக்கத்துக்குமான விதிமுறையின் பெயர் டிஎல்எஸ்; அதன் பழைய 1.2 பதிப்பில், இணைப்பை ஏற்படுத்துவதையும் சேர்த்து, இப்படி மூன்று முறை போய்வந்த பிறகே தகவல் கிளம்பும். 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதில் ஒன்றைக் குறைத்தது.

அதைவிடப் பெரிய மிச்சம் பழைய அறிமுகத்தைத் தொடர்வதில் இருக்கிறது. அலுவலகக் கட்டடத்தில் முதல் நாள் அடையாள அட்டையைப் பார்த்து அனுமதிச் சீட்டு தருவதுபோல, சர்வர் தரும் சீட்டைச் சென்சார் அடுத்த முறை காட்டினால் சான்றிதழ்ச் சோதனையே தேவையில்லை. சீட்டோடு தகவலையும் முதல் மடலிலேயே அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் இடையில் இருப்பவர் அம்மடலைப் படியெடுத்து மறுபடி அனுப்பிவிட முடியும் என்பதால், "பூட்டைத் திற" போன்ற கட்டளைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

என் சமையலறைத் தொட்டியின் அடியில் உள்ள நீர்க்கசிவு சென்சாரும் இதே தொல்லையைக் கொடுத்தது. அதன் போக்குவரத்தை மடிக்கணினியில் பிடித்துப் பார்த்தேன்: "உயிரோடு இருக்கிறேன்" என்று சொல்வதற்காகவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுச் சான்றிதழ்ப் படலத்தையும் தொடக்கத்திலிருந்து நடத்திக்கொண்டிருந்தது! செயலியில் அந்த இடைவெளியை ஒரு மணி நேரமாக்கினேன். பேட்டரி இப்போது ஒன்பதாவது மாதமாக ஓடுகிறது.

உங்கள் செயலியிலும் அப்படியோர் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; மென்பொருளையும் புதுப்பியுங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு இத்தகைய கருவிகளுக்கு 2020 முதல் வழங்கும் நான்கு நிலைப் பாதுகாப்பு முத்திரை, கடவுச்சொல், மென்பொருள் புதுப்பிப்பு போன்றவற்றைப் பற்றிச் சொல்லும். பேட்டரியைப் பற்றிச் சொல்லாது.

இவற்றுக்கும் மசியவில்லை என்றால், வைஃபைக்குப் பதிலாகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஸிக்பீ என்ற கம்பியில்லா முறையைப் பயன்படுத்தும் சென்சாருக்கு மாறுவதே நல்லது. அதில் சுவர் மின்சாரத்தில் ஓடும் மையக் கருவிதான் சர்வருடனான இணைப்பைத் தாங்குகிறது. கதவில் உள்ள சென்சார், மறையாக்கம் செய்த தன் சிறு தகவலைக் கூடத்திலிருக்கும் அந்தக் கருவிவரை அனுப்பிவிட்டு உறங்கப் போய்விடும்.